‘பார்த்துப் போ’ என்பது சட்டமல்ல

தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் அதிகம் கேட்கும் அறிவுரை ‘பார்த்துப் போ’ என்பதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மா சொல்வார். கல்லூரிக்குப் போகும்போது அப்பா சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும், வயதான பிறகு பிள்ளைகளும் சொல்வார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு பொறுப்பு கைமாறுகிறது. பார்க்க வேண்டியவள் நீ. வேகமாக வருபவன் பார்க்கமாட்டான், அவனிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது, ஆகவே இருவருக்கும் சேர்த்து நீயே பார்த்துக்கொள். ஏதாவது நடந்துவிட்டால் முதல் கேள்வியும் உன்னிடம்தான்: ‘பார்த்துப் போயிருக்கக் கூடாதா?’

இரவில் தனியாக நடந்தவளிடம் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. சாலையைக் கடந்தவளிடம் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. முதல் கேள்வியை நாம் முப்பது நாற்பது ஆண்டுகளாக எதிர்த்துவருகிறோம். ‘ஏன் அந்த நேரத்தில் போனாய்?’ என்று கேட்பவரைத் திருப்பிக் கேட்கக் கற்றிருக்கிறோம். இரண்டாவது கேள்வியை மட்டும் இன்னும் நியாயமானதென்றே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதையும் எதிர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒற்றையடிப் பாதையும் வண்டிப் பாதையும் ஒரு தார்ச்சாலையைச் சந்திக்கும் இடத்தில் முதலில் போகும் உரிமை யாருக்கு? இதைப் பொறியாளர்களின் கேள்வி என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நான் இதைப் பெண்களின் கேள்வி என்கிறேன்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், கவரைப்பேட்டையில் மேற்கே சத்தியவேடு சாலையில் திரும்பினால் தேர்வாய் கண்டிகை வரும். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டி 1,100 ஏக்கருக்கும் மேல் மேய்க்கால் நிலம் இருந்தது. பதிவேட்டில் அது புறம்போக்கு. பெண்களுக்கு அது மாட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு, வயலுக்குத் தழை. அந்த நிலத்தை சிப்காட் தொழிற்பூங்காவுக்காக அரசு எடுத்தபோது ஊர் எதிர்த்தது. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். கைதானார்கள். 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் இங்கே ஆலை அமைக்க தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2012-இல் ஊர் மக்களின் சங்கமும் பிரான்சிலுள்ள சில அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின்கீழ் பிரான்சில் முறையிட்டார்கள். ஊர் கேட்டது அங்கே கிடைக்கவில்லை. பூங்கா வந்தது. பிறகு கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, சென்னையின் குடிநீருக்காக 380 கோடி ரூபாய் செலவில் கட்டிய நீர்த்தேக்கமும் 2020 நவம்பர் 21-இல் திறக்கப்பட்டது.

நிலம் போன கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. வழி போன கதையை யாரும் எழுதவில்லை. ஒரு மேய்க்கால் நிலம் வெறும் பரப்பளவு அல்ல. அதன் குறுக்கே பாதைகள் ஓடுகின்றன. மாடு போன தடம், விறகுக்குப் போன தடம், அடுத்த ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் குறுக்கு வழியாகப் போய்வந்த தடம். நிலத்தை ஏக்கரில் அளந்து இழப்பீடு பேசலாம். தடத்தை அளக்கும் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. வேலி போட்டதும் பாதை பாதியில் நின்றுவிடுகிறது. ஏரிகளை இணைத்துக் கரை எழுப்பினால் இடையிலிருந்த வரப்பும் வழியும் தண்ணீருக்குள் போகின்றன. மிச்சமிருக்கும் பாதை ஒரு தார்ச்சாலையின் விளிம்பில் வந்து முட்டி நிற்கிறது. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் தண்ணீர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் போகின்றன.

அங்கே நான் மாணவிகளோடு வாய்மொழி வழக்காறு சேகரிக்கப் போயிருக்கிறேன். தாலாட்டும் ஒப்பாரியும் கேட்கப் போன எங்களிடம் ஒரு மூதாட்டி சாலையைப் பற்றித்தான் பேசினார். “முன்னல்லாம் அந்தாண்ட போவணும்னா போவோம்மா. இப்ப போவணும்னா நிக்கணும். நின்னுக்கினே இருக்கணும். யாராச்சும் ஆம்பள வந்து கைய காட்டுனாதான் வண்டி நிக்கும்.” மாணவிகள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் வாசித்த எத்தனையோ பக்கங்களில் பெண்ணின் நடமாட்டம் குறித்து இவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லவில்லை. போவது என்ற வினை நிற்பது என்ற வினையாக மாறிவிட்டது. போக வேண்டுமானால் ஓர் ஆணின் கை வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1989-இல் வந்த சாலை விதிகளில் ‘பாதசாரிகளின் வழியுரிமை’ என்ற தலைப்பில் ஒரு விதி இருந்தது. தலைப்பைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்: நடைபாதையோ சைக்கிள் பாதையோ தனியாக இருந்தால் அதன்மேல் வண்டி ஓட்டக் கூடாது. நடைபாதை இல்லாத ஊரில் அந்த உரிமையும் இல்லை. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஒரு படி மேலே போயின. சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவையை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிற்க வேண்டும், நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். நல்ல விதி. ஆனால் அது கடவை என்று கோடு போட்ட இடத்தில்தான் உயிர்பெறுகிறது. வரிக்குதிரைக் கோடு பூசப்படாத கிராமத்துச் சாலையில் அந்த விதிக்குக் கால்வைக்க இடமில்லை. சைக்கிளில் வரும் பெண்ணோ அந்த வாக்கியத்திலேயே இல்லை. அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால்தான் பாதசாரி என்ற பட்டியலில் சேர முடியும்.

சரி, கோடு போட வேண்டியதுதானே? எங்கே போடுவது என்று தீர்மானிக்க ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட நெறிமுறையில் அது முக்கியமான அளவுகோல். நெரிசலான ஒரு மணி நேரத்தில் சாலையைக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை வர்க்கமாக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்ட வேண்டும். நடுத்தடுப்பு இருந்தால் 20 கோடி. கணக்கு டீச்சரைக் கூப்பிட வேண்டியதில்லை, நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் 50 பெண்கள் கடக்கும் இடத்தில் ஏறத்தாழ 1,400 வண்டிகள் ஓடினால்தான் அந்த எண் வரும். வண்டி 700 மட்டும் ஓடினால் 200 பேருக்கு மேல் கடந்தாக வேண்டும். எந்தக் கிராமத்துப் பாதையில் ஒரு மணி நேரத்தில் 200 பேர் கடப்பார்கள்? தேரோட்டத்தன்று கடப்பார்கள்.

அந்தச் சூத்திரத்தை ஒரு வாக்கியமாகப் படியுங்கள். வண்டிக்கு வர்க்கம், ஆளுக்கு ஒற்றை எண். வண்டி இரண்டு மடங்கானால் அதன் மதிப்பு நான்கு மடங்காகிறது. ஆள் இரண்டு மடங்கானால் வெறும் இரண்டு மடங்குதான். வண்டி பெருகினால் ஆபத்து பெருகும் என்ற நல்லெண்ணத்தில் எழுதியதாகவே இருக்கட்டும். விளைவு என்ன? கடவை கேட்கும் உரிமை நடப்பவளின் தேவையிலிருந்து பிறக்காமல் வண்டியின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது. நெறிமுறை பின்னாளில் திருத்தப்பட்டது. ஆனால் ‘இந்த இடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள்?’ என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடும் பழக்கம் திருந்தவில்லை. பயந்து கடக்காமல் திரும்பியவளை யார் எண்ணுவது? மாட்டை விற்றுவிட்டவளை, மகளைச் சைக்கிளில் அனுப்புவதை நிறுத்திவிட்டவளை, சந்தைக்குப் போவதை வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்துக்கொண்டவளை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது?

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். சாலை விபத்தில் சாகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே, இதில் பெண்ணியம் எங்கிருந்து வந்தது? கேள்வி நேர்மையானது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள் என்பதும் உண்மை. அந்த ஆண்களுக்காகவும்தான் பேசுகிறேன். அவர்கள் வீட்டில் மிச்சமிருப்பவள் பெண்தான். ஆனால் பெண்கள் குறைவாகச் சாவதால் சாலை அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்வது, இரவில் வெளியே வராத ஊரில் இரவில் குற்றமே நடப்பதில்லை என்று பெருமைப்படுவதைப் போன்றது. சாலையிலிருந்து அகற்றப்பட்டவள் சாலையில் சாகமாட்டாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொன்றையும் காட்டியது. வேலைக்கு நடந்துபோகும் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர். ஆண்கள் 27 பேர். வீட்டில் ஒரு வண்டி இருந்தால் சாவி யார் சட்டைப் பையில் இருக்கும் என்பதைக் கணக்கெடுப்பு கேட்கவில்லை, நமக்குத் தெரியும். ஆகவே நடப்பவருக்கும் வண்டிக்கும் இடையே சாலையில் நடக்கும் பேரத்தில், பெரும்பாலும் ஒரு பக்கம் பெண் நிற்கிறாள். வண்டிக்கு முன்னுரிமை தரும் ஒவ்வொரு வடிவமைப்பும், எழுதியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஆணுக்கு முன்னுரிமை தருகிறது.

அரசு பெண்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நாம் கட்டணமில்லாமல் போகிறோம். மாதச் செலவில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை என் வகுப்பறையிலேயே பார்க்கிறேன். அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பு, 2001-02-இல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுத்து, பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிவாக்கினார்கள். அதற்கும் முன்பு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். குவாரிகளில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், பின்னால் குடம், முன்னால் குழந்தை வைத்து ஓட்டினார்கள். தமிழ்ப் பெண் விடுதலையின் வரலாற்றில் அச்சகத்துக்குக் கொடுக்கும் இடத்தைச் சைக்கிளுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஆனால் பேருந்தும் சைக்கிளும் சாலையில் போகின்றன. ஒரு பெண் பேருந்தில் போய்த் திரும்பினால், போகும்போதோ வரும்போதோ ஒரு முறை சாலையைக் கடந்தே ஆக வேண்டும். போகும் பேருந்து ஒரு பக்கத்திலும் திரும்பும் பேருந்து எதிர்ப்பக்கத்திலும் நிற்கும். இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. கட்டணமில்லாப் பயணச்சீட்டு பேருந்தின் படியோடு முடிந்துவிடுகிறது. படியிலிருந்து இறங்கியவுடன் ‘பார்த்துப் போ’ தொடங்கிவிடுகிறது. அரசு பதினோராம் வகுப்பு மாணவிக்குச் சைக்கிளைக் கொடுக்கிறது, அவள் அதை ஓட்டிப்போய்க் கடக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட மறுக்கிறது. என் மாணவி ஒருத்தி சொன்னாள்: “சைக்கிள் இன்னும் வீட்லதான் இருக்கு மேடம். தம்பி ஓட்டுறான்.” ஏன் என்று கேட்டேன். “மெயின் ரோட்டைத் தாண்டணுமே.” அந்த ஒரு சாலை அவளுடைய நடமாட்டத்தின் எல்லைக்கோடாகிவிட்டது. தம்பிக்கும் அதே சாலைதான், அதே லாரிதான். அவன் பயத்தை வீடு ‘தைரியம் வந்துவிடும்’ என்று கடக்க அனுப்புகிறது, அவள் பயத்தை ‘வேண்டாம்’ என்று நிறுத்திவிடுகிறது.

அந்தப் பயம் கற்பனை அல்ல. ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை, கையை வீசி நடக்கும் ஒருவர் கடக்க ஆறு நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த ஆறு நொடியில் 100 மீட்டர் வந்துவிடும். தலையில் புல்லுக்கட்டோ இடுப்பில் குழந்தையோ இருந்தால் ஒன்பது நொடி, 150 மீட்டர். வளைவில், புதர் மண்டிய ஓரத்தில், 150 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ‘பார்த்துப் போ’ என்ற அறிவுரையைப் பின்பற்றவே முடியாத இடங்கள் உண்டு. அங்கே பார்ப்பவள் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அவள் கடக்கத் தொடங்கிய பிறகுதான் லாரி தெரியும். அந்த இடத்தில் அவள் உயிரைக் காப்பது ஒன்றுதான்: லாரி மெதுவாக வருவது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளி இயற்பியல். மனிதர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

நடந்த பிறகு மொழி வேலையைத் தொடங்குகிறது. தமிழ் படித்தவள் என்பதால் இதைச் சற்று நின்று பார்க்கிறேன். ‘சாலையைக் கடக்க முயன்ற பெண் லாரி மோதிப் பலி.’ இந்த வாக்கியத்தில் மனித எழுவாயாக இருப்பவள் பெண் மட்டுமே. முயன்றவள் அவள். ஏதோ மலையேற முயன்றதைப் போல. லாரிக்கு ஓட்டுநர் இல்லை, வேகம் இல்லை, அந்த இடத்தில் கடவை அமைக்காத அலுவலகம் இல்லை. பேச்சில் இன்னும் மோசம். ‘குறுக்கே வந்துட்டா.’ குறுக்கே என்ற சொல் யாருடைய வழியை நேர்வழியாக எடுத்துக்கொள்கிறது? அந்தப் பாதை சாலைக்கு முன்பே அங்கே இருந்தது. அப்படியானால் குறுக்கே வந்தது சாலைதான். 1920-களில் அமெரிக்காவில் கார் வணிகத்தின் தரப்பினர், சாலையை விருப்பம்போல் கடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று இழிவுபடுத்தும் ‘ஜேவாக்கர்’ என்ற சொல்லை ஊரெங்கும் பரப்பினார்கள். அதுவரை தெரு எல்லோருக்கும் பொது, மோதினால் குற்றம் வண்டியுடையது என்றுதான் மக்கள் நினைத்திருந்தார்கள். ஒரு சொல்லைப் பரப்பி அந்த நினைப்பை மாற்றினார்கள். நமக்குப் புதுச் சொல்கூடத் தேவைப்படவில்லை. ‘குறுக்கே’ கையிலேயே இருந்தது.

இழப்பீட்டிலும் அதே மொழிதான். ‘கவனக்குறைவாகக் கடந்தார்’ என்று நிறுவிவிட்டால் தொகையில் ஒரு பங்கு கழியும். வீட்டு வேலை செய்த பெண் இறந்தால் அவள் உழைப்பின் விலை என்ன? 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது. கணவனுக்குக் கூலி குறைவென்றால் அவள் உயிரும் மலிவு. 2010-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் வீட்டு உழைப்பின் மதிப்பை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது வழி இல்லை, இறந்த பிறகு மூன்றில் ஒன்று.

வழியுரிமை நம் மண்ணில் புதிய கோரிக்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்றது. அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. பெரியார் சிறைப்பட்டார், நாகம்மையும் கண்ணம்மாவும் களத்தில் நின்றார்கள். ‘இந்த வழியாக நீ வரக் கூடாது’ என்பதற்கு எதிராகத்தான் சுயமரியாதையின் வரலாறே நடந்தது. அந்த வரலாறு அரசியலமைப்பின் 15(2) ஆம் பிரிவில் எழுத்தானது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், சாதி, பால் என்ற அடிப்படையில் எவருக்கும் எந்தத் தடையும் நிபந்தனையும் கூடாது. ‘பால்’ என்ற சொல்லும் ‘சாலை’ என்ற சொல்லும் அங்கே ஒரே பிரிவில் இருக்கின்றன. இன்று யாரும் பலகை வைத்துத் தடுப்பதில்லை. தடுப்பதற்கு வேகம் போதும். தலித் பெரும்பான்மை ஊரின் பாதையைக் கோடுகூடப் போடாமல் ஒரு சாலை வெட்டிக்கொண்டு போகும்போது, அதில் சாதி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய சட்டம் ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒருவருடைய நிலத்தின் வழியாகத் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாக 20 ஆண்டுகள் நடந்தவருக்கு அந்த வழியில் உரிமை பிறக்கிறது என்கிறது. அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். நடந்து நடந்தே உரிமையை உண்டாக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் சட்டம் அது. நம் பாட்டிகள் மூன்று தலைமுறை நடந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கைத் தொடுக்கப் பட்டாவும் பதிவேடும் வக்கீலும் வேண்டும். நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும் நாட்டில் தடமும் வழக்குக்கு வருவதில்லை.

இன்னொரு மறுப்பு: மேம்பாலம் கட்டித் தரலாமே. நடைமேம்பாலம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்று யோசியுங்கள். அதனால் நிற்காமல் போவது வண்டி. ஏறி இறங்குவது முழங்கால் தேய்ந்த அம்மா, கர்ப்பிணி, குடம் சுமப்பவள், சைக்கிளைத் தூக்க முடியாத பன்னிரண்டு வயதுப் பெண். மாடு படியேறாது. இரவில் ஆளில்லாத அந்தப் படிக்கட்டில் ஏறத் துணிவதும் வேறொரு பயம். வண்டி தரையிலேயே நேராகப் போகட்டும், நடப்பவர் வானத்துக்கு ஏறட்டும் என்பது தீர்வு என்ற பெயரில் வரும் அதே முன்னுரிமை.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. தொழில் வர வேண்டாமா? லாரி நின்று நின்று போனால் சரக்கு எப்படிப் போகும்? இந்தப் பகுதியின் ஆலைகளில் நம் பெண்களும் வேலை செய்கிறார்கள். அந்த வேலை வேண்டும். கம்பெனிப் பேருந்திலிருந்து இருட்டில் இறங்கி வீட்டுப் பக்கம் கடப்பவளும் அவள்தான். ஆகவே தொழிலுக்கும் அவளுக்கும் சண்டை இல்லை. ஒரு கடவையில் லாரி இழப்பது அரை நிமிடம். ஊர் நெடுகப் பத்துக் கடவை வைத்தாலும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எந்தத் தொழிலும் நொடித்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை இன்று பெண்கள் தங்கள் கணக்கிலிருந்து செலுத்திக்கொண்டிருக்கிறார்கள், சாலையோரம் நின்று நின்று.

நெதர்லாந்து சைக்கிள் நாடாகவே பிறந்தது என்று நினைக்கிறோம். 1971-இல் அங்கே சாலைகளில் 3,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. விபத்து என்று சொல்ல மறுத்துக் கொலை என்று சொன்னார்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவை மறித்தார்கள். அதன் முதல் தலைவரும் மார்ட்யே வான் பூட்டன் என்ற பெண். சாலையின் வடிவம் இயற்கை விதி அல்ல, கேட்டால் மாறும் என்பதற்கு அந்த நாடு சாட்சி.

நாமும் கேட்கலாம். கேட்க வேண்டியவை சிறியவை, செலவு குறைந்தவை. ஊர்ப் புலப்படத்திலும் பழக்கத்திலும் உள்ள ஒவ்வொரு பாதையும் வண்டிப் பாதையும் தார்ச்சாலையைச் சந்திக்கும் இடத்தைப் பட்டியலிட வேண்டும். ஆள் எண்ணிக்கை பார்க்காமல் அங்கெல்லாம் கடவை வேண்டும். கோடு மட்டும் போதாது, மழைக்கு அழிந்துவிடும். சாலையையே நடப்பவரின் மட்டத்துக்கு உயர்த்திய மேட்டுக் கடவை வேண்டும், லாரி ஏறித்தான் இறங்க வேண்டும். அகலமான சாலையின் நடுவே நிற்க ஒரு திட்டு, இருபுறமும் விளக்கு. ஊருக்குள் 30 கிலோமீட்டர். சைக்கிளில் வருபவருக்கும் நடப்பவருக்குச் சமமான முன்னுரிமை என்று விதியில் எழுத வேண்டும். 2019 திருத்தம் 138 (1ஏ) பிரிவில் நடப்பவர்கள் குறித்த விதிகளை எழுதும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தந்திருக்கிறது. அந்த விதிகள் நடப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகளாக ஆகிவிடாமல் பார்ப்பது நம் வேலை. அதே திருத்தத்தின் 198ஏ பிரிவு, தரமின்றிச் சாலை அமைத்து இறப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தொகை சிறியது. ஆனால் குற்றம் சாலையைக் கட்டியவருடையதாகவும் இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாணவிகளே, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊரின் பாதைகளை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். அம்மாவும் பாட்டியும் எந்த இடத்தில் கடக்கிறார்கள், எங்கே கடப்பதை நிறுத்தினார்கள், எந்த ஆண்டில் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கணக்கெடுப்பில் வராதவர்களை நீங்கள் கணக்கில் எடுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலைச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். யாராவது ‘பார்த்துப் போங்கம்மா’ என்று பதில் சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

தமிழில் ஆறு என்றாலும் நெறி என்றாலும் வழி, அறம் இரண்டுமே பொருள். நடக்கும் பாதையையும் நடந்துகொள்ளும் முறையையும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது. வழிவிடுவது பண்பு என்று நமக்கு மட்டும் கற்பித்தார்கள். நாம் வேண்டிய அளவு வழிவிட்டாயிற்று. இனி வண்டி நிற்கட்டும்.